பிழை போன இடம்

தொபியாஸ் மச்சாது தூத்துக்குடியில் ஓர் ஆஸ்பத்திரியின் ரத்த வங்கியில் இருபத்தாறு வருடமாக டெக்னீஷியன். ஐம்பத்து மூன்று வயதில் அவருக்குக் கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதப் படிக்க வேண்டும் என்று தோன்றியது.

காரணம் இருந்தது. ரத்தம் கொடுப்பவர்களின் விவரமெல்லாம் அட்டைகளில் கிடந்தது. நாலு இரும்பு இழுப்பறை நிறைய அட்டைகள். அவசரத்துக்கு ஒருவரைத் தேடி எடுக்க அரை மணி நேரம் ஆகும். ‘தேடு’ என்று ஒரு பொத்தான். அதை அமுக்கினால் பெயரும் போன் நம்பரும் வரிசையாக வந்து நிற்க வேண்டும். அவர் ஆசைப்பட்டது அவ்வளவுதான்.

சைக்கிள் கடை மாடியில் சனிக்கிழமை காலைகளில் பெனாசிர் டீச்சர் புதியவர்களுக்கு வகுப்பு எடுத்தார். டீச்சருக்கு இருபத்தெட்டு வயது. வகுப்பில் எல்லாரும் கல்லூரிப் பிள்ளைகள். தொபியாஸ் மட்டும்தான் மூக்குக் கண்ணாடியை ஏற்றி இறக்கிப் படிக்கிற ஆள்.

டீச்சர் எந்தக் கேள்விக்கும் நேராகப் பதில் சொல்லமாட்டார்.

ஒருநாள் ஒரு மாணவன் கேட்டான். “என் புரோகிராம் பெரிய ஃபைலைப் படிக்க ஆரம்பிச்சதும் திரையில இருக்கிற ஜன்னல் அப்படியே உறைஞ்சு போகுது. எந்தப் பட்டனை அமுக்கினாலும் அசையல. ஏன், டீச்சர்?”

டீச்சர் அவனிடம் செய்தித்தாளைக் கொடுத்தார். “இந்தப் பக்கத்தைச் சத்தமா படி. முடியுற வரைக்கும் வேற எதுவும் பேசக்கூடாது.”

அவன் படித்தான். டீச்சர் மூன்று தடவை அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். அவன் நிமிராமல் படித்துக்கொண்டே இருந்தான். பக்கம் முடிந்த பிறகுதான், “என்ன டீச்சர்?” என்றான்.

வகுப்பே “ஓ” என்றது. எதற்கு “ஓ” என்று தொபியாஸுக்கு விளங்கவில்லை. எல்லாரும் சொல்கிறார்களே என்று அவரும் சொல்லிவைத்தார்.

நாலு மாதத்தில் அட்டைகளையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டார். ஜன்னல் வந்தது. பொத்தானும் வந்தது. பொத்தானை அமுக்கினால் பெயர்கள் வரவில்லை. சிவப்புப் பெருக்கல் குறி போட்ட ஒரு பெட்டி எழும்பி வந்தது. அதில் ஆங்கிலத்தில் ஒரு வரி. ஒவ்வொரு சொல்லுக்கும் அவருக்கு அர்த்தம் தெரியும். சேர்த்துப் படித்தால் ஒன்றும் தெரியவில்லை. எதுவோ இல்லையாம். எது, எங்கே என்று பெட்டி சொல்லவில்லை.

இரண்டு வாரம் மண்டையைக் குழப்பிக்கொண்டார். கமாவை மாற்றினார். அடைப்புக் குறியை மாற்றினார். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டார். பெட்டி வந்துகொண்டே இருந்தது.

கடைசியில் இணையத்தில் யாரோ எழுதியிருந்த ஒரு வழி கிடைத்தது. தகராறு செய்கிற வரிகளைச் சுற்றி ‘டிரை’ என்று ஒரு வேலி போட வேண்டும். அதற்கு அடியில் ‘கேட்ச்’ என்று ஓர் இடம் வரும். பிழை வந்தால் என்ன செய்வது என்று எழுதுவதற்கான இடம் அது. அங்கே ஒன்றும் எழுதாமல் காலியாக விட்டுவிட வேண்டும்.

தொபியாஸ் அப்படியே செய்தார். ஓ பாசிட்டிவ் என்று கொடுத்துப் பொத்தானை அமுக்கினார். பெட்டி வரவில்லை. திரை நிறையப் பெயர்கள் வந்தன.

சனிக்கிழமை ஓட்டமாக மாடி ஏறினார்.

“டீச்சர், எரர் போயிடுச்சு!”

டீச்சர் அவர் எழுதியிருந்த வரிகளைப் படித்துப் பார்த்தார்.

“எங்க போச்சு, அண்ணாச்சி?”

“போயிடுச்சு டீச்சர். இப்ப வர்றதில்ல.”

“சரி. எங்க போச்சுன்னு கேட்டேன்.”

தொபியாஸ் திரையைப் பார்த்தார். மேசைக்கு அடியில்கூட ஒரு பார்வை பார்த்துவிட்டார்.

“எரர் எங்கயாவது போகுமா டீச்சர்?”

டீச்சர் நாற்காலியை எடுத்து வாசலுக்கு வெளியே போட்டார்.

“இன்னைக்கு நீங்க இங்க உக்காருங்க. யாராவது குறைன்னு வந்தா உள்ள விடாதீங்க. திருப்பி அனுப்பிருங்க. என்கிட்டயும் சொல்லக்கூடாது.”

“வகுப்பு?”

“இதுதான் உங்க வகுப்பு.”

தொபியாஸ் வாசலில் உட்கார்ந்தார். முதலில் ஒரு பையன் வந்தான். உள்ளே மூன்றாவது கம்ப்யூட்டருக்குக் கரன்ட் வரவில்லை, போன தடவையே சொல்லாமல் போய்விட்டேன் என்றான். திருப்பி அனுப்பினார். மின்விசிறி ஆடுகிறது, தலையில் விழுந்துவிடும் போல இருக்கிறது என்று ஒருத்தி வந்தாள். அனுப்பினார். கடைசியாகத் தாளமுத்துநகரிலிருந்து வருகிற பெண் வந்தாள். திருத்திக் கொடுத்த பரீட்சைத்தாள்களில் அவளுடையது இல்லை. அதில் மார்க் இல்லாவிட்டால் வீட்டில் படிப்பை நிறுத்திவிடுவார்கள்.

“டீச்சர்ட்ட ஒரு வார்த்தை சொல்லணும் சார்.”

“இன்னைக்கு முடியாதும்மா.”

அவள் கொஞ்ச நேரம் நின்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு படியிறங்கிப் போனாள்.

பன்னிரண்டு மணிக்கு டீச்சர் வெளியே வந்தார். முகம் மலர்ந்திருந்தது.

“இன்னைக்கு ஒரு குறையும் வரல. இவ்வளவு நல்ல வகுப்பு இதுவரைக்கும் நடந்ததே இல்ல.”

“டீச்சர், ஒரு பிள்ள அழுதுட்டே போச்சு.”

“அப்படியா? எனக்கு ஒண்ணும் தெரியாதே.”

தொபியாஸ் படியிறங்கினார். தாமதமாக வந்ததற்குத் தண்டனையா? அவர் அன்றைக்குத் தாமதமாக வரவில்லை. சத்தம் போட்டுக்கொண்டு ஏறி வந்ததற்கா? வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் யோசித்தார். பஸ்ஸில் இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போய்விட்டார். ஒன்றும் பிடிபடவில்லை. கோபம்தான் வந்தது. பிள்ளை வயசுள்ள டீச்சர் தன்னைக் காவல்காரனாக உட்கார வைத்துவிட்டாரே என்று.

திங்கட்கிழமை, யாரிடமும் கேட்காமல், அந்தப் புரோகிராமை ரத்த வங்கிக் கம்ப்யூட்டரில் போட்டார்.

புதன்கிழமை காலை பதினொரு மணிக்குப் பிரசவ வார்டிலிருந்து பாக்கியம் சிஸ்டர் ஓடி வந்தார். பிரசவமான பெண் ஒருத்தி, உப்பளத்தில் வேலை பார்க்கிறவள். குழந்தை நன்றாக இருக்கிறது. தாய்க்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை. ஓ நெகட்டிவ். வங்கியில் இருந்த ஒரே பையை ஏற்றியாகிவிட்டது. இன்னும் இரண்டு வேண்டும்.

“ஒரு நிமிஷம், சிஸ்டர்” என்றார் தொபியாஸ். கொஞ்சம் பெருமையாகவே சொன்னார். ஓ நெகட்டிவ் கொடுத்தார். ‘தேடு’ அமுக்கினார்.

இரண்டு பெயர்கள் வந்தன. ஒருவரைக் கூப்பிட்டார்கள். அவர் மஸ்கட்டில் இருந்தார். இன்னொருவர் போன மாதம்தான் ரத்தம் கொடுத்திருந்தார், அதற்குள் மறுபடி எடுக்கக்கூடாது.

“வேற யாரும் இல்லையா?”

“ரெண்டே பேர்தான் காட்டுது.”

“அப்ப திருநெல்வேலியிலதான் கேக்கணும். வந்து சேர எவ்வளவு நேரமாகுமோ” என்றபடி சிஸ்டர் போனை எடுத்தார்.

தொபியாஸ் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். என்னவோ இடித்தது. துறைமுகத்துப் பக்கம் ஐஸ் பிளான்ட்டில் வேலை பார்க்கிற சுயம்பு. ஊசியைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிற ஆள். நாலு தடவை தன் கையாலேயே அவனுக்கு ஊசி போட்டு ரத்தம் எடுத்திருக்கிறார். அவன் ஓ நெகட்டிவ். அவன் எங்கே?

மறுபடி அமுக்கினார். இரண்டு பெயர்கள். இன்னொரு தடவை. இரண்டு பெயர்கள். பெட்டி ஒன்றும் வரவில்லை. எல்லாம் சரியாக இருப்பதுபோலவே இருந்தது. தனக்குத்தான் மறதியோ என்று ஒரு கணம் சந்தேகம் வந்துவிட்டது. வயதாகிறதோ, வேறு யாரையோ சுயம்பு என்று நினைக்கிறோமோ?

வேலியைப் பிரித்தார். ‘டிரை’யை அழித்தார். ‘கேட்ச்’சை அழித்தார். பொத்தானை அமுக்கினார்.

பெட்டி எழும்பி வந்தது. அதே சிவப்பு, அதே வரி. எதுவோ இல்லை.

தொபியாஸ் கம்ப்யூட்டரை விட்டுவிட்டு இரும்பு இழுப்பறைக்கு ஓடினார். ஓ நெகட்டிவ் அட்டைக்கட்டை எடுத்து ஒவ்வொன்றாகப் புரட்டினார். முதல் அட்டை மஸ்கட்காரர். இரண்டாவது போன மாதம் கொடுத்தவர். மூன்றாவது அட்டை சுயம்பு. போன் நம்பர் எழுத வேண்டிய இடம் காலியாக இருந்தது. அவனுக்குப் பின்னால் இன்னும் நாலு அட்டைகள் இருந்தன.

இல்லாத நம்பரைப் படிக்கப் போன இடத்தில் புரோகிராம் தடுக்கி விழுந்திருக்கிறது. சுயம்புவை மட்டுமல்ல, அவனுக்குப் பின்னால் நின்ற நாலு பேரையும் விட்டுவிட்டு எழுந்து வந்திருக்கிறது. வந்து, ஒன்றும் நடக்காதது மாதிரி நின்றிருக்கிறது.

நாலு அட்டைகளையும் சிஸ்டர் கையில் திணித்தார். “இவங்களுக்குப் போன் போடுங்க. நான் ஒருத்தனைக் கூட்டிட்டு வாரேன்.”

ஸ்கூட்டரில் ஐஸ் பிளான்ட்டுக்குப் போனார். சுயம்பு நனைந்த கைலியோடு ஐஸ் கட்டியை இழுத்துக்கொண்டிருந்தான்.

“என்ன சார், இந்தப் பக்கம்?”

“ஏறு வண்டியில. போகும்போது சொல்லுதேன்.”

சுயம்பு கையைக்கூடத் துடைக்காமல் ஏறினான். சிஸ்டர் கூப்பிட்டதில் ஒரு ஸ்கூல் வாத்தியார் ஆட்டோ பிடித்து வந்து சேர்ந்தார். இரண்டு பேரின் ரத்தத்தையும் எடுத்து, சோதித்து, உள்ளே அனுப்பினார்கள். தொபியாஸ் கைகழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே இருந்தார். கை கழுவவும் இல்லை, உட்காரவும் இல்லை.

நாலு மணிக்கு சிஸ்டர் வந்தார். “பொழைச்சுக்கிட்டா, அண்ணே.”

சனிக்கிழமை தொபியாஸ் மாடிக்கு மெதுவாக ஏறினார். வகுப்பு முடியும்வரை பின் பெஞ்சில் இருந்தார். பிள்ளைகள் போன பிறகு நடந்ததையெல்லாம் சொன்னார்.

டீச்சரின் முகம் வெளுத்துவிட்டது.

“ஆஸ்பத்திரியில போட்டுட்டீங்களா? எங்கிட்ட சொல்லவே இல்லயே, அண்ணாச்சி.”

“எரர்தான் போயிடுச்சே, பிறகு என்ன சொல்லன்னு இருந்துட்டேன்.”

டீச்சர் சாக்பீஸைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தார்.

“அன்னைக்கு உங்கள வாசல்ல உக்கார வச்சதுக்குப் பதிலா ரெண்டு வார்த்தை நேரா சொல்லியிருக்கணும். தப்பு என் மேலயும் இருக்கு.”

தொபியாஸுக்கு அது இன்னும் குழப்பமாக இருந்தது. திட்டு வாங்க வேண்டும் என்று வந்தவரிடம் டீச்சரே மன்னிப்புக் கேட்பதுபோல நிற்கிறார். லேப்டாப்பைத் திறந்தார்.

“எனக்கு இந்த வேலை வேண்டாம்னு நினைச்சேன், டீச்சர். அட்டையே போதும்னு. பிறகு மனசு கேக்கல. வேலியைத் திரும்பப் போட்டேன். ஆனா இந்தத் தடவை மொத்தத்துக்கும் போடல, ஒவ்வொரு அட்டைக்கும் தனித்தனியா போட்டேன். ஒரு ஆளு தடுக்கினா மத்தவங்க வந்துருவாங்க. அடியில காலியா விடல. அந்த ஆளு பேரைப் பெட்டியில போடச் சொல்லி எழுதினேன்.”

“நல்லாயிருக்கே.”

“எங்க நல்லாயிருக்கு? நீங்களே பாருங்க.”

எல்லா ரத்த வகையையும் சேர்த்துத் தேடச் சொல்லிப் பொத்தானை அமுக்கினார். பெட்டி வந்தது. ‘லசார், திரேஸ்புரம். நம்பர் இல்லை.’ அதை மூடினார். ‘பேச்சித்தாய், முத்தையாபுரம். நம்பர் இல்லை.’ அதை மூடினார். இன்னொன்று வந்தது. அதற்குப் பின்னால் இன்னொன்று.

“அறுபத்தொரு பெட்டி, டீச்சர். உக்காந்து எண்ணினேன். முதல்ல ஒரு பெட்டிதான் வந்துச்சு. இப்ப நான் சரி பண்ணப் பண்ண அறுபத்தொண்ணாயிடுச்சு. சுயம்புவுக்கு மட்டும் ஐஸ் பிளான்ட் நம்பரை வாங்கிப் போட்டேன், அவன் பெட்டி வரல. மத்ததெல்லாம் வந்துட்டேயிருக்கு. இதெல்லாம் வராம இருக்கணும்னா புரோகிராம்ல என்ன எழுதணும்?”

டீச்சர் லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பினார். பெட்டிகளை ஒவ்வொன்றாக, அவசரப்படாமல், பெயரை வாய்விட்டுப் படித்துப் படித்து மூடினார். கடைசிப் பெட்டியும் மூடிய பிறகு தொபியாஸைப் பார்த்தார்.

“புரோகிராம்ல எழுத ஒண்ணுமில்ல, அண்ணாச்சி. ஸ்கூட்டரை எடுத்துக்கிட்டு அறுபத்தொரு வீட்டுக்கும் போயிட்டு வாங்க.”