விண்கல்லின் படுக்கை

விண்கல் ஆராய்ச்சியில் டாக்டர் ஆதிமூலத்தை அடித்துக்கொள்ள ஆளில்லை. வானத்திலிருந்து எது விழுந்தாலும் அவர் கண்ணில்தான் முதலில் படும். அவர் கண்டெடுத்த நான்கு கற்கள் காப்பகக் கூடத்தில் கண்ணாடிப் பேழைகளில் இருந்தன. ஐந்தாவது, முந்தாநாள் உப்பளத்தில் விழுந்ததாம். நிருபர்களைக் கூட்டி அதை மேஜைமேல் வைத்தார்.

அவர் பேசத் தொடங்கியதும் கல்லிலிருந்து சிவப்பாக ஒரு சொட்டு கசிந்தது. பிறகு இன்னொன்று. வெள்ளைத் துணியில் ரத்தம்போல் பரவியது.

சுவரோரம் உதவியாளர் வடிவு நின்றிருந்தாள். போன வருஷம் காப்பகத்துக் கல் ஒன்று காணாமல் போன பழி அவள்மேல்தான். நாளையோடு அவள் வேலையும் போகிறது.

"என்னடி வேடிக்கை பாக்குற? இந்த ரத்தத்தை நிறுத்து! முடியாட்டி இப்பவே வெளியே போ!" என்று கத்தினார் ஆதிமூலம்.

"ரத்தமில்லீங்க ஐயா. பழைய இரும்புக் கல்லு, ஈரக் காத்துல துருத்தண்ணி விட்டு அழுவுது. படுக்கையில போட்டா அடங்கிடும்."

ஒவ்வொரு கல்லின் மேடுபள்ளத்துக்கும் ஏற்ப ஸ்பாஞ்சில் குழி வெட்டி, ஈரம் புகாத பெட்டி செய்வது வடிவின் வேலை. உள்ளே போய் ஒரு பெட்டியைக் கொண்டுவந்து கல்லை அதில் இறக்கினாள். இம்மி பிசகாமல் பொருந்தி, தூக்கம் வந்த பிள்ளைபோல் அடங்கியது.

"முந்தாநாள் விழுந்த கல்லுக்கு எப்பம்மா அளவெடுத்தே?" என்றார் ஒரு நிருபர்.

"போன வருஷம் காணாமப் போன கல்லோட பெட்டி சார் இது."

ஆதிமூலம் பெட்டியைச் சட்டென்று மூடினார்.

"ஐயா, ஆராய்ச்சிக்கு வெளிநாடு அனுப்பினதா நீங்க சொன்ன காப்பகத்துப் பழைய கல்லு நாலோட பெட்டியும் காலியாத்தான் கிடக்கு. எடுத்தாரவா?"

எல்லாரும் கண்ணாடிப் பேழைகளைத் திரும்பிப் பார்த்தார்கள்.

நான்கு கற்களும் சொட்டிக்கொண்டிருந்தன.