மூன்று தெருவும் சத்தம் போடாத நாள்

"ஐயா, ஊர் பத்திக்கப் போகுது!"

சடையன் மூச்சிரைக்க வந்து நின்றான். குரு மடத்துக் கிணற்றடியில் வேட்டி அலசிக்கொண்டிருந்தார். இருவரும் யாத்திரை முடிந்து அன்று விடியலில்தான் திரும்பியிருந்தார்கள்.

"யார் சொன்னது?"

"யாராவது சொல்லணுமா? காலையிலிருந்து கோயில்ல மேளம் இல்லை. பள்ளிவாசல்ல பாங்கு இல்லை. மாதா கோயில் மணியும் இல்லை. போன வருஷம் அடிதடிக்கு முந்தின நாளும் இப்படித்தான் கிடந்துச்சு. நாலு மண்டை உடைஞ்சதே, மறந்துட்டீங்களா?"

"போய்க் கேட்டியா?"

"கேட்டு அடி வாங்கவா?"

"கேட்டுட்டு வா."

பயந்துகொண்டேதான் போனான். பூசாரி அங்கமுத்து, கோயில் மணியின் நாக்கில் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தார்.

"என்ன பூசாரி, மறுபடியும் சண்டையா?"

"மெதுவாப் பேசு, சனியனே. இன்னாசிக்கு ரண ஜன்னி. ஆணி குத்தின புண்ணு. சின்னச் சத்தம் கேட்டாலும் உடம்பு வில்லா வளையுது. மூணு நாளா உயிருக்கு இழுத்துக்கிட்டுக் கிடக்கான்."

"எந்த இன்னாசி? உங்க மேளத்தை நிறுத்தச் சொல்லி தாசில்தாருக்கு மனு போட்டாரே, அவரா?"

"அவனேதான். நம்ம மேல ஏழு மனு. பள்ளிவாசல் மேல நாலு. சொந்தக் கோயில் மணியைக்கூட விடல. பிழைச்சு வந்து எட்டாவது போடட்டும், அப்ப வச்சுக்கிறேன் அவனை."

பள்ளிவாசல் மோதினார் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு வந்தார். வீடு வீடாகப் போய்க் கதவோரம் குனிந்து தொழுகைக்குக் கூப்பிட்டுவிட்டு வருகிறார். பூசாரியின் காதில் சொன்னார்: "இன்னாசிக்குப் பூட்டிக் கிடந்த வாய் திறந்துருச்சு. ரெண்டு கரண்டி கஞ்சி இறங்கியிருக்கு. இன்னிக்குப் பொழுது தாண்டிட்டா பயமில்லையாம்."

பூசாரி அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். அடிதடி இல்லை. ஆளும் பிழைத்துவிடுவார். சடையனுக்கு அப்போதுதான் மூச்சே சீரானது.

திரும்பி வந்து எல்லாவற்றையும் சொன்னான்.

"சத்தம் கூடாதுன்னு மூணு தெருவுக்கும் யார் போய்ச் சொன்னது?" குரு கேட்டார்.

"யாரும் சொல்லலையாம் ஐயா. வைத்தியர் இன்னாசி சம்சாரத்துகிட்ட சொன்னது அக்கம்பக்கத்துக் காதுல விழுந்துச்சாம். அவ்வளவுதான்."

குரு வேட்டியைப் பிழிந்து கொடியில் போட்டார். வெயிலைப் பார்த்தார்.

"உச்சிப்பொழுதாச்சு. நம்ம மடத்து மணியை அடி."

"ஐயா?"

"நம்மகிட்டயும் யாரும் வந்து சொல்லலையே. போய் அடி."

சடையன் மணி வரைக்கும் போனான். தொங்கிய கயிற்றைச் சுருட்டி, எளிதில் எட்டாத ஆணியில் எக்கி மாட்டிவிட்டு வந்தான்.