முகம் பார்க்காத தேனீக்கள்

வாசல் திறந்தே கிடக்கிறது. வருகிறவர்களோ சுவரைத் துளைத்துத்தான் நுழைகிறார்கள். அது என்ன வீடு? யோசித்துக்கொண்டே கேளுங்கள்.

மலைக்குடில் ஒன்றில் கண்டியம்மை என்றொரு குரு இருந்தார். அவருடைய சீடப்பெண் தத்தைக்குப் பத்து வயது. கையில் இல்லாத பொருளைப் பற்றி அங்கே கேள்வி கேட்கக் கூடாது. அது குடிலின் வழக்கம்.

குடிலைச் சுற்றி ஊதாக்கொடி பூத்துக் கிடந்தது. அதன் விதையை அரைத்துக் கொடுத்துத்தான் சென்ற மாரியில் தத்தையின் தங்கை காய்ச்சலிலிருந்து பிழைத்தாள். எஞ்சிய விதை அத்தனையும் விதைத்தாயிற்று. இந்த ஆண்டு ஒரு காய்கூடப் பிடிக்கவில்லை.

பிடிக்காத காயை எப்படிக் கையில் எடுப்பது? பத்து நாள் தத்தை வாய் திறக்கவில்லை. பதினோராம் நாள் ஒரு பூவைப் பறித்துக்கொண்டு வந்தாள்.

“அம்மை, நாளெல்லாம் தேனீ மொய்க்கிறது. ஏன் காய்க்கவில்லை?”

“பூவைப் பறிக்கப் பத்து நாளா?” என்று சிரித்தார் குரு. “அதன் வாயில் விரலை விடு.”

விரல் முழுக்க மகரந்தம். யாரும் தொட்ட தடமில்லை.

“திருப்பிப் பார்.”

அடியில், ஊசியால் கிழித்ததுபோல் ஒரு கீறல்.

தத்தை கொடியருகே போய் நின்றாள். ஒரு கருவண்டு பூவின் பின்புறம் அமர்ந்து, அடியைக் கிழித்துத் தேனைக் குடித்துவிட்டுப் போனது. அந்தக் கீறலிலேயே தேனீக்கள் ஒவ்வொன்றாக வந்து வாய் வைத்தன. ஆயிரம் பூக்கள். ஒன்றின் முகத்தைக்கூட ஒரு தேனீயும் பார்க்கவில்லை. எல்லா ரீங்காரமும் முதுகுப்பக்கமிருந்தே வந்தது. 

“தேனீக்கு வாசல் மறந்துபோயிற்றா, அம்மை?”

“அடுக்களையின் பின்கதவு திறந்திருந்தால் நீ எந்த வழியாக வருவாய்?”

கருவண்டு குடிலின் மூங்கில் காலில் இருந்த துளைக்குள் போனது. தத்தை களிமண் பிசைந்து எடுத்து வந்தாள்.

“இதை அடைத்துவிட்டால்?”

“நாளைய பூவில் கீறல் இராது. தேனீ வாய்வழியாக வரும். காய் பிடிக்கும்.”

“உள்ளே வேறு என்ன இருக்கிறது?”

“மூங்கிலைத் தொட்டுக்கொண்டு கேள்.”

அவள் மூங்கிலைப் பிடித்துக் காதை வைத்தாள். அது வெதுவெதுப்பாக இருந்தது. வாயை மூடிக்கொண்டு யாரோ முனகுவதுபோல் கேட்டது.

“தாய்வண்டு உள்ளே இருக்கிறது,” என்றார் குரு. “அதன் புழுக்களும்.”

“அழுகிறதுபோல் இருக்கிறது, அம்மை. கொடி ஒருநாளும் அழவில்லையே.”

“கொடிக்குச் சத்தம் போடத் தெரியாது.”

தத்தை துளையை அடைத்தாள்.