‘எங்கள்’ என்று எதன் மேல் எழுதுவது?

கீழ்நாவலூர் நடுநிலைப் பள்ளியின் எட்டாம் வகுப்பில் சம உரிமைப் பாடம் நடந்து முடிந்திருந்தது. தீண்டாமை சட்டப்படி ஒழிக்கப்பட்டுவிட்டது என்று முப்பத்தொரு பிள்ளைகளும் பிழையில்லாமல் எழுதி, முழு மதிப்பெண்ணும் வாங்கிவிட்டார்கள். அத்தோடு புத்தகத்தை மூடிவைப்பதுதான் எங்கும் வழக்கம். பிலோமினா டீச்சருக்கு மட்டும் மனம் ஆறவில்லை. தூத்துக்குடியிலிருந்து மாற்றலாகி வந்து நான்கே மாதம் ஆனவர் அவர். பிள்ளைகள் விடைத்தாளில் எழுதியதும், மதியம் தட்டோடு அவர்கள் பிரிந்து உட்காரும் வரிசையும் ஒன்றோடொன்று ஒட்டவே இல்லை என்று தினமும் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆகவே ஒரு போட்டி வைத்தார். தலைப்பு ‘எங்கள் ஊர்’. ஆளுக்கொரு படம் வரைய வேண்டும். இருப்பது எதுவும் விடுபடக் கூடாது. இல்லாதது எதுவும் வரக் கூடாது. வெல்லும் படத்தைப் பெயிண்டர் பள்ளியின் முன்சுவரில் பெரிதாக வரைவார். குடியரசு தின விழாவுக்கு வட்டார வளர்ச்சி அதிகாரி வருகிறார் என்பதால் தலைமையாசிரியரும் குறுக்கே நிற்கவில்லை.

வடிகட்டிப் பார்த்ததில் மூன்று படங்கள் மிஞ்சின.

முதல் படம் அரிசி மில்காரர் மகன் பரணிதரனுடையது. ஐந்து தெருக்கள், கோயில், குளம், ரேஷன் கடை, டிரான்ஸ்பார்மர்கூட அளவெடுத்தாற்போல் இருந்தன. ஓடை வந்ததும் படம் முடிந்துவிட்டது.

“ஓடைக்குத் தெக்கே என்ன இருக்கு, பரணி?”

“அது காலனி, டீச்சர். நீங்க ஊரைத்தானே வரையச் சொன்னீங்க?”

அந்தக் குரலில் துளிகூட வன்மம் இல்லை. பையன் உண்மையிலேயே குழம்பிப்போயிருந்தான். ‘ஊர்’ என்றால் எல்லாரும் என்று நினைத்துத் தலைப்பு கொடுத்தவர் டீச்சர். இங்கே அந்தச் சொல் ஓடைக்கு வடகரையோடு நின்றுவிடுகிறது. தெற்கே அறுபத்துநான்கு குடும்பங்கள் இருக்கின்றன; அவர்களும் கடைக்குக் கிளம்பும்போது “ஊருக்குள்ள போயிட்டு வரேன்” என்றுதான் சொல்கிறார்கள். பிழை தன் கேள்வியிலேயே இருந்திருக்கிறது என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

இரண்டாவது படம் எழில்வேந்தனுடையது. அவனும் வடகரைப் பையன்தான். ஆனால் இரண்டு கரைகளையும் வரைந்து, எல்லாவற்றையும் சேர்த்து ‘எங்கள் ஊர்’ என்று எழுதியிருந்தான். ஓடையின் மேல் அழகான ஒரு பாலம்.

“இந்தப் பாலம் எங்கடா இருக்கு?”

“இல்ல டீச்சர். ஆனா இருக்கணும்ல?”

டீச்சருக்கு அவனைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. ஐப்பசி மழையில் ஓடையில் இடுப்பளவு தண்ணீர் போகும். தென்கரைப் பிள்ளைகளின் வருகைப் பதிவில் அந்த மாதம் முழுக்க விடுப்புதான்.

மூன்றாவது படம் மரகதத்துடையது. தென்கரைப் பெண். இரண்டு கரைகளிலும் ஒரு வீட்டை விடவில்லை. ஓடையில் பாலம் போடவில்லை, கால்வைத்துத் தாண்டும் கற்களை மட்டும் எண்ணி வைத்திருந்தாள். வடக்கே ஐந்து தெருவுக்கும் பெயர் எழுதியவள், தெற்கே மூன்று தெருக்களை வரைந்து, மூன்றுக்கும் சேர்த்துக் ‘காலனி’ என்று ஒரே சொல்லைப் போட்டிருந்தாள். தலைப்பையும் மாற்றிவிட்டாள்: ‘ஊரும் காலனியும்.’

“‘எங்கள்’னு எழுதச் சொன்னேனேம்மா?”

மரகதம் தரையைப் பார்த்தாள். “எது மேல எழுதுறதுன்னு தெரியல, டீச்சர்.”

தேர்வில் முழு மதிப்பெண் வாங்கிய முப்பத்தொரு தாள்களும் அந்த ஒரு வாக்கியத்துக்கு முன்னால் ஒன்றுமில்லாமல் போயின. அதற்குள் அவளே மறுபடியும் சொன்னாள்: “என்னோடத சொவத்துல போட்டுடாதீங்க. காலனின்னு அம்மாம் பெருசா எழுதினா, போறவங்க வரவங்கல்லாம் எங்களக் கைகாட்டுவாங்க.”

தலைமையாசிரியருக்கு இந்தச் சிக்கலெல்லாம் இல்லை. “எதுக்கும்மா வம்பு? பரணி படம் நேர்த்தியா இருக்கு. அதையே போட்டுடுங்க” என்றார். பெயிண்டர் திங்கட்கிழமை வருகிறார்.

இப்போது நீங்கள் சொல்லுங்கள். ஊர் வழக்குப்படி பிழையே இல்லாதது பரணியின் படம்; அதை ஏற்றினால் மரகதத்தின் வீடு சுவரில் இருக்காது. மனத்தில் ஈரம் உள்ளது எழிலின் படம். ஆனால் இல்லாத ஒன்று அதில் இருக்கிறது. உள்ளது உள்ளபடி இருப்பது மரகதத்தின் படம். அதை வரைந்தவளே வேண்டாம் என்கிறாள். பிலோமினா டீச்சர் எதைச் சுவரில் ஏற்றுவது நியாயம்?

விடை: மரகதத்தின் படத்தை, ஆனால் அவள் சம்மதித்த பிறகு. உரிமையைக் கற்பிக்க வந்தவர் ஒரு பிள்ளையின் விருப்பத்தை மிதித்துக்கொண்டு அதைக் கற்பிக்க முடியாது. டீச்சர் அவளைக் கெஞ்சவில்லை. “உங்க பக்கத்துத் தெருவுக்கெல்லாம் பேரு இல்லையாம்மா?” என்று மட்டும் கேட்டார். இருந்தது. புங்கமரத் தெரு, கிணத்தடித் தெரு, மேட்டுத் தெரு. இதுவரை யாரும் கேட்டதில்லை, அதனால் அவளும் எழுதவில்லை. அந்தப் பெயர்களோடு என்றால் சரி என்றாள். ‘காலனி’ என்ற சொல்லையும் தலைப்பையும் அவளே அடித்துவிட்டுக் ‘கீழ்நாவலூர்’ என்று எழுதினாள். எழிலின் பாலம் ஏன் கூடாது என்றால், வரைந்த பாலம் பார்ப்பவர் கேட்க வேண்டிய கேள்வியை அடைத்துவிடும். விழாவன்று அதிகாரி சுவரிலிருந்த எட்டுத் தெருக்களையும் விரலால் தொட்டுவிட்டு, ஓடையில் விரலை நிறுத்தினார். “இந்த மூணு தெருவுக்கு எப்படிப் போறது? வெறும் கல்லுதானே இருக்கு, வழியே காணோமே?” என்றார். தலைமையாசிரியர் டீச்சரைத் திரும்பிப் பார்த்தார். வரிசையிலிருந்து மரகதம்தான் பதில் சொன்னாள்: “தண்ணி இல்லாதப்ப வழி இருக்கு, சார்.”