காராயியின் மூன்று பூச்சு

உங்கள் பூட்டனும் பூட்டியும் பிறப்பதற்கு வெகுகாலம் முன்னே, வெண்மலையூர் என்றொரு ராஜ்ஜியம் இருந்தது. அங்கே பெண் பார்க்க வருகிறவர்கள் கையோடு ஒரு முல்லைப்பூ கொண்டுவந்து பெண்ணின் கன்னத்தில் வைத்துப் பார்ப்பார்கள். பூ தனியாகத் தெரிந்தால் எழுந்து போய்விடுவார்கள். பணியாரத்தைத் தின்றுவிட்டுத்தான்; அதிலொன்றும் குறையில்லை.

அந்த ஊரில் காராயி என்றொரு பெண். கருகருவென்று இருப்பாள். அவள் மனசு முழுக்க ஆற்றில் தோணி விடும் சிலம்பாயிதான். வெறும் தோழியாக இல்லை. மற்றப் பெண்கள் ராஜகுமாரனை நினைத்து உருகுவார்களே, அப்படி. சிலம்பாயிக்கும் அப்படியே. அதை வெளியே சொல்ல முடியுமா?

காராயியின் அம்மா செங்கமலம் மந்திரவாதியிடம் ஓடினாள். அவன் மூன்று கிண்ணம் களிம்பு கொடுத்தான்.

"பூசு, பூ பொருந்தும்."

அதற்குமேல் அவள் ஒன்றும் கேட்கவில்லை. கத்தரிக்காய் வாங்கும்போது கேட்கிற கேள்விகூடக் கேட்கவில்லை.

முதல் பூச்சில் காராயியின் நிறம் போனது. பூ பொருந்தவில்லை. இரண்டாம் பூச்சில் நிழல் போனது. பூ பொருந்தவில்லை. மூன்றாம் பூச்சில் முகமே போனது. பூ பொருந்திவிட்டது.

"பொண்ணு பிடிச்சிருக்கு" என்றாள் மாப்பிள்ளையின் அம்மா.

தட்டோடு வந்த செங்கமலம் திகைத்து நின்றாள். "இது யாரு? என் பொண்ணு எங்கே?"

"இதோ உக்காந்திருக்காளே!"

"இவளா? என் பொண்ணு நல்ல கருப்பு!" பதினெட்டு வருஷத்தில் அவள் அதைத் தலைநிமிர்ந்து சொன்னது அன்றைக்குத்தான்.

"அம்மா, நான்தாம்மா."

"சீ, போடி! யாரைப் பார்த்து அம்மாங்கறே?"

காராயி மந்திரவாதியிடம் போய் அழுதாள். அவன் கொட்டாவி விட்டான்.

"நீ யாரை விரும்புறேன்னு ஊர் காதுல விழற மாதிரி சொல்லு, களிம்பு உதிரும். சொன்னா ஊர் உன்னை விடாது. சொல்லாட்டி களிம்பு உன்னை விடாது."

மூன்று நாள் ஆற்றங்கரையில் கிடந்தாள். முதல் நாளும் இரண்டாம் நாளும் சிலம்பாயி அவளைப் பார்க்காமலே கடந்து போனாள். மூன்றாம் நாள், வீங்கிய கண்களோடு அருகில் வந்தாள்.

"ஏம்மா, எங்க காராயியைப் பார்த்தீங்களா?"

அவ்வளவுதான். காராயி எழுந்து நேரே சந்தைக்கு நடந்தாள். கூட்டத்தின் நடுவே நின்று கத்தினாள்:

"நான் காராயி! எனக்குச் சிலம்பாயியைத்தான் பிடிக்கும்!"

களிம்பு காய்ந்த சேறுபோல் உதிர்ந்தது. கறுப்பு வந்தது, நிழல் வந்தது, முகம் வந்தது. கூடவே கல்லும் வந்தது. ஒன்று, இரண்டு, மூன்று.

செங்கமலம் கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடிவந்தாள். "அடியே, வந்துட்டியா!" என்று கட்டிக்கொண்டாள். மகள் சொன்னது அப்புறம்தான் காதில் ஏறியது. கை தானாக விலகியது.

கத்தல் கேட்டு ஓடிவந்திருந்த சிலம்பாயி, "வா, போலாம்" என்று காராயியின் கையைப் பிடித்தாள். இருவரும் தோணியேறி அக்கரை போனார்கள். அங்கே குடிசை போட்டார்கள், தோணி விட்டார்கள். ராத்திரியில் காராயி அம்மாவை நினைத்து அழுவாள். மாயம் அதற்கெல்லாம் மருந்து தராது.

மூன்று மழைக்காலம் போயிற்று. ஒருநாள் அந்திநேரம், முந்தானையால் முக்காடு போட்டுக்கொண்டு ஒருத்தி இக்கரையில் வந்து தோணியேறினாள். செங்கமலம். துடுப்புப் போட்டவள் சிலம்பாயி. தோணி பாதி ஆற்றுக்கு வந்தது. அப்புறம் கிழவி சிடுசிடுத்தாள்.

"இந்த ஆட்டு ஆட்டினா மனுஷி எப்படி உக்கார்றது? மெதுவா ஓட்டு..." வாய் என்னென்னவோ மென்றது. "மெதுவா ஓட்டு, மருமகளே."