வாத்துப் பிரபு கேட்ட சிங்கம்

இங்கிலாந்து ராஜாவின் படையில் ஹம்ப்ரி கடைசிப்படி அதிகாரி. பிரபுக்களின் கேடயங்களுக்குச் சின்னம் எழுதுவான். போர் வந்தால் தூதும் போவான். அன்று தூது புறப்பட்டவனை மறித்து, கழுத்தில் கத்தியை வைத்தார் பெல்கோட் பிரபு.

"என் கேடயத்தில் வாத்து! படையே சிரிக்கிறது. ராஜாவின் மூன்று சிங்கங்களை எழுதுடா!"

ராஜாவின் சின்னத்தை வேறொருவருக்கு எழுதினால் ராஜா தலையை எடுப்பார். மறுத்தால் இவரே எடுத்துவிடுவார்.

ஹம்ப்ரி தன் மேலங்கியை மெல்லக் கழற்றி நீட்டினான். அதில் மூன்று தங்கச் சிங்கங்கள் மின்னின.

"ராஜாவைத் தவிர இவற்றைச் சுமப்பது தூதர்கள் மட்டும்தான், பிரபுவே. தாராளமாகப் போட்டுக்கொள்ளுங்கள். போட்டவர் ஆயுதமில்லாமல் எதிரியிடம் போய், 'சரணடை' என்று முகத்துக்கு நேரே சொல்லவேண்டும். நேற்றுப் போனவர் இன்னும் திரும்பவில்லை."

கத்தி இறங்கியது. பிரபு தம் கேடயத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வாத்துக்கு மட்டும் என்ன குறைச்சல்?" என்றார்.