வினாடிக்கு ஒரு கிரீடம்

ராஜாக்களும் இருந்தார்கள், செல்போன்களும் இருந்தன. இரண்டும் ஒரே காலத்தில் எப்படி என்று கேட்டால் கதை நகராது. மருதங்காடு அப்படிப்பட்ட நாடு.

அதன் மன்னர் பூபதிராயர். அவர் சபையில் விகடம் பேசுவதற்கென்றே ஒருவன் இருந்தான். பெயர் ஏகாம்பரம். சபையில் பேசியது போதாதென்று இணையத்திலும் ‘பின்வாசல்’ என்று ஒரு பக்கம் நடத்தினான். பிடித்த பாட்டைப் போடுவான். செய்தி வாசிப்பவர் குரலில் நாட்டு நடப்பைக் கிண்டல் செய்வான். நாடே தன்னைப் பார்க்கிறது என்பது அவன் எண்ணம். பார்த்தவர்களில் பாதிப் பேர் அவன் மனைவி வடிவின் சொந்தக்காரர்கள். அவர்களும் வடிவுக்குப் பயந்துதான் பார்த்தார்கள்.

அப்போதுதான் அணை திறப்பு விழா வந்தது.

மன்னர் மதகுச் சக்கரத்தைச் சுற்றினார். பெரிதாக ஒரு தும்மல். கிரீடம் வாய்க்காலில் விழுந்தது. விழுந்தது மூழ்கவில்லை, வாத்து மாதிரி மிதந்து போனது. கழுத்து வலிக்காமலிருக்கத் தக்கையில் செய்து தங்க முலாம் பூசிய கிரீடம் அது என்பது அன்றுதான் ஊருக்குத் தெரிந்தது.

ஏகாம்பரம் அதைப் படம் பிடித்து, பின்னணியில் கல்யாணக் கெட்டிமேளத்தைச் சேர்த்து, கனத்த குரலில் வாசித்தான்: “பாசனத்துக்காக இன்று காலை அணையிலிருந்து வினாடிக்கு ஒரு கிரீடம் வீதம் திறந்துவிடப்பட்டது.”

இந்த முறை நாடு நிஜமாகவே பார்த்தது.

செய்தித் துறை மந்திரி தாண்டவமூர்த்தி, “அந்த வீடியோவை யாரும் பார்க்கக் கூடாது!” என்று தண்டோரா போட்டார். அதுவரை பார்க்காதவர்களும் அன்றைக்கே தேடிப் பார்த்துவிட்டார்கள்.

மன்னர் ஏகாம்பரத்தை அழைத்தார்.

“நீ பரப்பியதை நீயே அழி. பௌர்ணமிக்குள் நாட்டில் ஒரு போனில்கூட அது இருக்கக் கூடாது. யாரையும் மிரட்டக் கூடாது, அடிக்கக் கூடாது.”

“முடியாவிட்டால், அரசே?”

மந்திரி முந்திக்கொண்டார். “உமது பக்கத்தை மூடிவிட்டு என்னிடம் வேலைக்கு வருவீர். ‘மன்னரின் இன்றைய அலுவல்கள்’ என்று தினமும் எழுத வேண்டும். சிரிப்பு வருகிற மாதிரி ஒரு வரி இருந்தாலும் திரும்ப எழுத வேண்டும்.”

ஏகாம்பரத்துக்குக் காய்ச்சல் வரும்போல் இருந்தது.

வீட்டில் சோறு இறங்கவில்லை. “வாழ்நாளில் உருப்படியாக ஒன்று செய்தேன், வடிவு. அதைப் போய் அழிக்கச் சொல்கிறார்கள்.”

“மற்றதை அழிக்கச் சொல்லியிருந்தால் நானே கூட வந்து உதவியிருப்பேன்” என்றாள் வடிவு. சொல்லிக்கொண்டே தன் போனில் எதையோ வரிசையாகத் தட்டி நீக்கினாள்.

“என்ன அது? பார்க்காமலே நீக்குகிறாயே?”

“உங்க பெரியப்பா. ரோஜாப்பூ, குத்துவிளக்கு, ‘இனிய காலை வணக்கம்’. ரோஜாவைக் கண்டாலே கை தானாக அழித்துவிடும். இல்லையென்றால் போன் நிரம்பிவிடுகிறது.”

ஏகாம்பரம் நிமிர்ந்து உட்கார்ந்தான். இன்னொரு தட்டு சோறு கேட்டான்.

மறுநாள் மன்னரிடம் போனான். “அரசே, அரண்மனையின் அதிகாரபூர்வ இணையக் கணக்கைப் பௌர்ணமி வரை எனக்குக் கொடுங்கள்.”

“இவரிடமா!” என்று மந்திரி துள்ளினார். மன்னர் கொடுத்துவிட்டார்.

விடிந்ததும் எல்லாருடைய போனும் சிணுங்கியது. அதே வீடியோ. சுற்றிலும் ரோஜாப்பூ. மேலே ‘இனிய காலை வணக்கம்’. கீழே ஒரு விளக்கம்: ‘அணையிலிருந்து திறக்க வேண்டியது தண்ணீர். இங்கே கிரீடம் செல்கிறது. ஆகவே இது நகைச்சுவை. சிரித்துவிட்டு உறவினர் அனைவருக்கும் அனுப்பவும்.’

மறுநாளும் வந்தது. அதற்கடுத்த நாள் குத்துவிளக்கும் சேர்ந்தது. பெரியப்பாக்களும் மாமாக்களும் அரண்மனை சொன்னதை அப்படியே செய்தார்கள். குடும்பக் குழுவில் வந்தது, குடியிருப்போர் குழுவில் வந்தது, இழவு சொல்ல வைத்திருந்த குழுவில்கூட வந்தது. சொந்தக் குரலை ஏகாம்பரமே காது கொடுத்துக் கேட்க முடியவில்லை. ‘இவ்வளவு மோசமாகவா பேசுகிறேன்?’ என்று நொந்துபோனான்.

பௌர்ணமியன்று மந்திரி தாமே தெருவில் இறங்கித் தேடினார். அரண்மனைக்கு மோர் கொண்டுவரும் பேச்சியம்மாளை நிறுத்தினார்.

“கிரீட வீடியோ வைத்திருக்கிறாயா?”

“அந்தச் சனியனா? எங்க மாமா விடிஞ்சா அனுப்புறாரு, பொழுது சாஞ்சா அனுப்புறாரு. எல்லாத்தையும் தொடச்சுட்டு குழுவ விட்டே வந்துட்டேங்க. உங்ககிட்ட இருந்தா எனக்கு அனுப்பிராதீங்க சாமி!”

எங்கே கேட்டாலும் இதே பதில்தான். மந்திரி வாடிய முகத்தோடு சபைக்குத் திரும்பி, “ஒரு போனிலும் இல்லை, அரசே” என்று சொல்ல வாயெடுத்தார்.

டும் டும் டும்! எங்கிருந்தோ கெட்டிமேளம் முழங்கியது. “வினாடிக்கு ஒரு கிரீடம் வீதம்...” என்றது ஒரு கனத்த குரல்.

மந்திரி குதித்தார். “இதோ ஒரு போனில் இருக்கிறது! தோற்றான் ஏகாம்பரம்! யாருடைய போன் அது? எழுந்திரு!”

யாரும் எழுந்திருக்கவில்லை. மன்னர் மட்டும் சிம்மாசனத்தில் நெளிந்து, மடியிலிருந்து போனை எடுத்து, “சாப்பிட வந்துவிடுகிறேன், மகாராணி” என்று மெதுவாகச் சொல்லி வைத்தார்.

சபை தரையைப் பார்த்தது.

“மேளம் நன்றாக இருந்தது” என்றார் மன்னர். “கிரீடம் மிதந்ததும் அவ்வளவு மோசமில்லை.”

ஏகாம்பரம் கைகூப்பினான். “அந்த ஒரு போனில் இருப்பதை அழிக்க என்னால் ஆகாது, அரசே. வேண்டுமானால் மந்திரியார் அழிக்கட்டும்.”

மந்திரி இரண்டடி பின்வாங்கினார். மன்னர் விழுந்து விழுந்து சிரித்தார். தக்கைக் கிரீடம் மறுபடியும் கழன்று மடியில் விழுந்தது.

“ஜெயித்தாய், போ! என்ன பரிசு வேண்டும்? பொன்னா, நிலமா?”

“ஒன்றும் வேண்டாம், அரசே. ஒரே ஒரு கருணை” என்றான் ஏகாம்பரம். “பின்வாசல் பிழைத்துப் போகட்டும். தயவுசெய்து தாங்கள் அதற்கு லைக் மட்டும் போட்டுவிடாதீர்கள்.”